எழுவாயை விழுங்கிய பெண்மயில்

அந்தக் காலத்தில், விலங்கும் பறவையும் பிழையின்றித் தமிழ் பேசிவந்த ஓர் ஆண்டில், ஆவணி மூன்றாம் நாள், வியாழக்கிழமை. காலையில் இளவெயில்; நண்பகலில் கடும்புழுக்கம்; பிற்பகலில் மேற்கே கருமேகம் திரண்டது. புற்றுகளிலிருந்து ஈசல்கள் புறப்பட்டுவிட்டன.

அப்பொழுது எவ்வுயிருக்கும் நிறம் இல்லை. நிறம் வேண்டியோர் வட்டிகையார் என்னும் அணிலிடம் சென்றனர். அவருடைய வாலே தூரிகை. முதலில் கோடு, அடுத்து அடிப்பூச்சு, அதன்மேல் வண்ணம், பின்னர் ஒளியும் நிழலும், இறுதியில் கண் திறத்தல் என்பது அவர் வகுத்த முறை. கண் திறந்த ஓவியத்தை அவரும் மறுபடி தொடமாட்டார். வண்ணம் பூசாமல் கோட்டோடு நிறுத்துவதற்குப் 'புனையா ஓவியம்' என்று பெயர். சோம்பல் மிகுந்த காடைகள் அதையே விரும்பிக் கேட்டன.

அன்று மாலை அழகிற் சிறந்தவர் எவரோ, அவருக்கே மழைக்கூத்து என்றென்றும் உரியது எனக் காட்டில் முடிவாகியிருந்தது. ஆகவே பீலியம்மை என்னும் பெண்மயில் வட்டிகையாரிடம் விரைந்தாள். கணவர் மஞ்ஞையனாரும் உடன் வந்தார். அவருக்கு வால் நீளம், பேச்சுக் குறைவு.

வட்டிகையார் எல்லா வண்ணங்களையும் வேப்பம்பிசினோடு சிரட்டைகளில் குழைத்து வைத்திருந்தார். தூரிகையைச் சோதிக்க அவள் கழுத்தில் சிறிது பச்சையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எத்தகைய ஓவியம் வேண்டும் என வினவினார்.

'இதுவரை எவரும் புனையா ஓவியம்' என்று சொல்லவே அவள் வாயைத் திறந்தாள். அக்கணத்தில் கொழுத்த ஈசல் ஒன்று அலகருகே பறந்தது. முதலிரு சொற்களும் ஈசலோடு உள்ளே போயின. எஞ்சியவை மட்டும் வெளியே வந்தன.

“புனையா ஓவியம்.”

“நன்றாக எண்ணித்தான் சொல்கிறீர்களா, அம்மணி?”

“எண்ணாமலா வந்தேன்? மழை வருகிறது, அணிலாரே. விரைந்து கண்ணைத் திறந்துவிடும்.”

அவர் மண்நிறத்தில் கோடுகள் இழுத்தார், கண்ணைத் திறந்தார். பீலியம்மை குளத்து நீரில் தன்னைக் கண்டாள்.

“இது என்ன ஐயா, காய்ந்த சருகுபோல்?”

“நீங்கள் கேட்டதுதான். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஐயத்துக்கு இடமில்லை.”

“'எவரும்' என்று சொன்னேனே.”

“எழுவாய் என் காதில் விழவில்லை.”

மஞ்ஞையனார் அன்று முதன்முறையாகப் பேசினார். “ஈசலோடு சேர்த்து விழுங்கிவிட்டாய். நான் பார்த்தேன்.”

அழித்து எழுதுமாறு அவள் மன்றாடினாள். கண் திறந்தாயிற்று என்று வட்டிகையார் கைவிரித்தார். அதற்குள் முதல் துளி சிரட்டையில் விழுந்தது. குழைத்த வண்ணமெல்லாம் வீணாகிவிடுமே என்று பதறிய அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பூச இடமிருந்தது மஞ்ஞையனாரின் வாலில் மட்டுமே. நீலம், பச்சை, பொன்மஞ்சள் யாவற்றையும் அதில் தீட்டினார். முறை தவறக் கூடாதென்று இறகுதோறும் ஒரு கண் திறந்தார்.

மழைக்கூத்து மஞ்ஞையனாருக்கு உரியதாயிற்று. வட்டிகையார் சிரட்டைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உறங்கப் போனார்.

அன்று முதல்தான் ஆண்மயில் கார்மேகத்தைக் கண்டதும் தோகை விரித்து ஆடுகிறது. பெண்மயிலோ அதைப் பாராததுபோல் தலைகுனிந்து தரையைக் கொத்துகிறது. வாயில் இரை இருக்கும்போது மட்டும் ஒரு சொல்லும் பேசுவதில்லை.