அக்காவுக்குப் போன பஞ்சுப் பை

முன்னொரு காலத்தில், அதாவது தபாலை மனிதர்கள் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக ஓடிய காலத்தில், ஒரு ராஜா இருந்தார். புலியென்றாலும் பயப்பட மாட்டார், பகைவனென்றாலும் பயப்பட மாட்டார். மலைக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்த தம் அக்கா உமையாள் நாச்சியாருக்கு மட்டும் பயப்படுவார். அக்காவிடமிருந்து ஓலை வந்தால் சிங்காசனத்தை விட்டு எழுந்து நின்றுதான் படிப்பார்.

பொங்கலுக்குப் பொங்கல் அக்காவுக்குச் சீர் போகும். கரும்பு, மஞ்சள் கொத்து, வெண்கலப் பானை எல்லாம் மாட்டு வண்டியில் போய்விடும். கூடவே தலைநகரத்துப் பச்சைக் கண்ணாடி வளையல் ஒரு ஜோடியும் போக வேண்டும். அக்காவுக்கு அது உயிர். போன வருஷம் வண்டி குலுங்கிய குலுக்கலில் வளையல் தூள்தூளாகப் போய்ச் சேர்ந்தது. “ஒரு ஜோடி வளையலை ஒழுங்கா அனுப்பத் தெரியாதவன் எப்படிடா நாட்டை ஆளுறே?” என்று அக்கா ஓலை எழுதினாள். அதையும் ராஜா நின்றுகொண்டேதான் படித்தார்.

ஆகவே இந்த வருஷம் ராஜாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. இரண்டு மடிப்புத் துணிக்கு நடுவே பஞ்சு வைத்து ஒரு சின்னப் பை தைக்கச் சொன்னார். உள்ளே வளையலை வைத்தார். தபாலில் அனுப்பிவிட்டு வா என்று அரண்மனை விகடகவியான சேவுகனிடம் கொடுத்தார். சேவுகனும் இதென்ன பெரிய காரியம் என்று வாங்கிக்கொண்டான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்!

அந்த ராஜ்யத்துத் தபாலுக்குத் தலைவர் பூதலிங்கம் என்று ஒருவர். ஓலைக்கு ஒரு காசு, சரக்குக்கு எட்டுக் காசு என்று கூலி வைத்திருந்தார். அதுவரை சரி. பஞ்சுப் பை ஓலையா, சரக்கா? அதைத் தீர்மானிக்க வருஷத்துக்கு ஓர் உத்தரவு போட்டாரே தவிர, பழைய உத்தரவு எதையும் அவர் எடுக்கவில்லை. தலைநகரத்துத் தபால் சாவடியில் பலகை ஒன்றில் துவாரம் இருக்கும். அதில் நுழைந்து விழுந்தால் ஓலை. மூன்றாம் சாவடியில் பையை வளைத்துப் பார்ப்பார்கள். வளைந்தால் ஓலை, முரண்டு பிடித்தால் சரக்கு. ஆறாம் சாவடியில் தராசில் போடுவார்கள். கூலி குறைந்தாலும் பை திரும்பி வந்துவிடும், கூடினாலும் திரும்பி வந்துவிடும்.

முதல் தடவை பை துவாரத்தில் நுழைந்து விழுந்தது. சேவுகன் ஒரு காசு கட்டினான். மூன்றாம் சாவடியில் வளைத்தார்கள். உள்ளே வளையல் இருக்கிறது, எப்படி வளையும்? கூலி போதாது என்று திரும்பி வந்தது. அடுத்த தடவை எட்டுக் காசு கட்டப் போனான். “துவாரத்துல விழுதுங்களே, எட்டுக் காசு வாங்கினா என் வேலை போயிடும்” என்றான் சாவடிக் கணக்கன் மாறையன். சேவுகன் பையைப் பிரித்து இன்னும் நாலு பிடி பஞ்சு திணித்தான். இப்போது துவாரத்தில் விழவில்லை, வளையவும் இல்லை. எட்டுக் காசோடு ஆறாம் சாவடி வரை போயிற்று. அங்கே தராசில் போட்டார்கள். பஞ்சுக்கு ஏது எடை? ஓலைக்குப் போய் எட்டுக் காசா என்று திருப்பிவிட்டார்கள்.

பொங்கலுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. ராஜா பையைக் கையில் வைத்துக்கொண்டு பதறினார். பூதலிங்கம் இதற்காகவே காத்திருந்தவர். போன வருஷம் ராஜா சேவுகனுக்குப் பட்டுச் சால்வை போர்த்தியதிலிருந்தே அவருக்குத் தூக்கம் சரியாக இல்லை.

“மகாராஜா, சட்டத்தில் குறையில்லை. சரியான கூலி கட்டத் தெரியாதவனை அனுப்பினால் பை எப்படிப் போய்ச் சேரும்?” என்றார்.

“குதிரைவீரன் ஒருவனிடம் கொடுத்தனுப்பினால் என்ன?” என்று கேட்டார் ராஜா.

“தபாலைத் தவிர வேறு எவர் பை சுமந்தாலும் சிறை என்று தாங்களே முத்திரை வைத்திருக்கிறீர்கள். தாங்களே அதை மீறினால் நாச்சியார் என்ன நினைப்பார்கள்?”

அக்கா பெயரைக் கேட்டதும் ராஜாவுக்கு வியர்த்துவிட்டது. அந்தக் கோபமெல்லாம் சேவுகன் தலையில் விடிந்தது. “பொங்கலன்று பை அக்கா கையில் இருக்க வேண்டும். தபாலில்தான் போக வேண்டும். இல்லையென்றால் நீ இந்த ராஜ்யத்திலேயே இருக்கக் கூடாது!”

சேவுகன் முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தான். “இந்த வயசுல வேத்தூருக்குப் போயி யாரைச் சிரிக்க வைப்பீங்க? அங்க உங்க பேச்சு யாருக்குப் புரியும்?” என்று அவன் மனைவி செல்லக்கிளி அழுதாள். அவனுக்கும் அதுதான் பயம். ஊரை விட்டால் அவனுக்குப் பிழைப்பு இல்லை. திரும்பி வந்த பையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். அதில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது. ஆறாம் சாவடிக்குப் போக ஏழு நாள் எடுத்துக்கொண்ட பை, திரும்பி வர ஒன்றரை நாள்தான் எடுத்துக்கொண்டது. அட, இதென்ன கூத்து!

நேரே சாவடிக்குப் போய் மாறையனைக் கேட்டான்.

“திரும்பி வர்ற பையை யாரும் அளக்க மாட்டீங்களா?”

“ஐயையோ! சிவப்பு நூல் கட்டிட்டா அளக்கவே கூடாதுங்க. கூலியும் கிடையாது. பைக்கு உரியவர்னு மேல யார் பேரு எழுதியிருக்கோ, அவங்க கையில கொண்டுபோய்க் கொடுக்கற வரைக்கும் ஓட வேண்டியதுதான்.”

சேவுகன் அங்கேயே உட்கார்ந்து பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதுச் சீட்டு எழுதினான். பைக்கு உரியவர்: உமையாள் நாச்சியார், மலைக்கோட்டை. சேர வேண்டியவர்: ராஜா, அரண்மனை. எழுதி ஒட்டி, பையோடு அரைக் காசை நீட்டினான்.

“அரைக் காசுக்கு எதுவுமே போகாதுங்களே” என்றான் மாறையன்.

“தெரியும்பா.”

“அப்புறம் திருப்பி அனுப்பிடுவேன், கோவிச்சுக்கக் கூடாது.”

“கோவிச்சுக்கவே மாட்டேன். நல்லா இறுக்கிக் கட்டு நூலை.”

மாறையன் சட்டப்படி நடப்பவன். அரண்மனை நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறது என்பதெல்லாம் அவனுக்கு எதற்கு? கூலி போதவில்லை, உரியவர் மலைக்கோட்டையில் இருக்கிறார். கட்டினான் நூலை, ஓடினான் தபால்காரன்.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் சபை கூடியது. சேவுகன் ஒரு மூலையில் நின்றான். மலைக்கோட்டை ஓலை வந்தது. ராஜா எழுந்து நின்றார், சபையும் எழுந்து நின்றது.

“தம்பி, பொங்கலுக்கு அஞ்சு நாள் முன்னாடியே வளையல் வந்துருச்சு. ஒண்ணும் ஒடையல. பைக்கு உரியவர்னு என் பேரைப் போட்டிருந்தியே, அதைப் பாத்துட்டு ரொம்ப நேரம் அழுதேன்டா. கட்டிக்கொடுத்த பொறகும் பொறந்த வீட்டுல எனக்குன்னு ஒண்ணு இருக்குன்னு எழுதத் தோணுச்சே உனக்கு. நல்லா இரு.”

படித்து முடித்த ராஜாவின் கண் கலங்கியிருந்தது. பூதலிங்கத்துக்கு வயிறு எரிந்தது. “மோசம், மகாராஜா! வளையலைக் காசு கொடுத்து வாங்கியவர் தாங்கள், அனுப்பியவர் தாங்கள். பை எப்படி நாச்சியாருக்கு உரியதாகும்? இது பொய்ச் சீட்டு!”

சேவுகன் கைகூப்பினான். “சீர் என்று எடுத்து வைத்த பொருள் அந்த நிமிஷமே உடன்பிறந்தவளுக்குச் சொந்தம், மகாராஜா. அடியேன் அப்படி நினைத்துத்தான் எழுதினேன். பூதலிங்கம் ஐயா சொல்வதே சரியென்றால், வளையல் அக்காவுடையது இல்லை என்று நாச்சியாருக்கு ஓர் ஓலை எழுதிவிடலாம். ஐயாவே தம் பெயர் போட்டு எழுதட்டும்.”

பூதலிங்கம் இரண்டடி பின்னால் போனார். ராஜா அவரைப் பார்த்தார், ஓலையைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும், “ஊரார் எல்லோரும் இப்படியே அனுப்ப ஆரம்பித்தால் என்ன ஆகும், சேவுகா?” என்று கேட்டார்.

“ஆரம்பித்துவிட்டார்கள், மகாராஜா. சாவடியில் சிவப்பு நூல் தீர்ந்துபோய் மாறையன் கடைக்கு ஓடியிருக்கிறான்.”

ராஜாவுக்கு மறுபடியும் சிரிப்பு. அன்றைக்கே துவாரப் பலகையை விறகாக்கச் சொன்னார். ஒரு கையில் அடங்குகிற பை எதுவானாலும், பஞ்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு காசு என்று ஒரே வரியில் உத்தரவு போட்டார். அதை எல்லாச் சாவடிக்கும் நடந்தே போய்ச் சொல்லிவிட்டு வருமாறு பூதலிங்கத்தைப் பணித்தார்.

“உனக்கு நூறு பொன் பரிசு, சேவுகா. வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன்.”

சேவுகன் சட்டென்று இரண்டு கையையும் நீட்டினான். “கையிலேயே கொடுத்துவிடுங்கள், மகாராஜா. தபாலில் மட்டும் வேண்டாம்!”