பெரிய தட்டு

திருச்சி ஏர்போர்ட் செக்கிங்கில், பயணிகள் பையும் பெல்ட்டும் வைக்கிற தட்டுகளை அடுக்குகிறவள் அஞ்சுகம். அவளிடம் வந்து நின்றார் ரத்னசபாபதி. வாரம் தவறாமல் பறக்கிற பெரிய மனிதர். அதற்காக விமானக் கம்பெனி கொடுத்த தங்க நிற கார்டை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டே பேசுவார்.

"பெல்ட்டைக் கழட்ட மாட்டேன். என் மேல ஒருத்தன் கை படக் கூடாது. ஆனா நான் உள்ளே போயாகணும். வழி பண்ணு. இல்லைன்னா நாளைக்கு உனக்கு இங்கே வேலை இருக்காது."

அஞ்சுகம் அசரவில்லை. இருப்பதிலேயே பெரிய தட்டாகப் பார்த்து எடுத்து, எக்ஸ்ரே மெஷின் முன்னால் வைத்தாள்.

"ஏறிப் படுத்துக்கோங்க சார். இங்கே எதையும் கழட்டாம, யாரும் தடவிப் பார்க்காம உள்ளே போறது பெட்டிங்க மட்டும்தான். காலை மட்டும் கொஞ்சம் மடக்கிக்கோங்க."

வரிசையே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. ரத்னசபாபதி வீறாப்பாக பெல்ட்டை உருவித் தட்டில் வீசிவிட்டு, சோதனை செய்யும் காவலர் முன்னால் போய் நின்றார்.

"கையைத் தூக்குங்க சார்."

தூக்கினார். அதுவரை பெல்ட்டின் தயவில் நின்றிருந்த, பட்டன் அறுந்த பேன்ட் சரசரவென்று முழங்காலுக்கு இறங்கியது.

அஞ்சுகம் ஓடிப்போய், இன்னொரு பெரிய தட்டை அவர் இடுப்புக்கு நேராகப் பிடித்தாள்.

"அப்பவே படுத்திருக்கலாமே சார்."