முகம் திருப்பிய கற்கள்

ஆனைப்பாறைக் கோட்டைப் படையில் ஒரு வழக்கம் உண்டு. போருக்குப் புறப்படுவதற்கு முன் ஒவ்வொரு வீரனும் நடுகல் மேட்டுக்குப் போவான். முன் போர்களில் செத்தவர்களில் ஒருவனின் கல்லுக்கு எண்ணெய் தடவி, அதில் செதுக்கியிருக்கும் முகத்தைப் பார்த்துச் சத்தியம் செய்வான். முகம் பாராத சத்தியம் செல்லாது. அப்படிப்பட்டவன் படையோடு நடக்கவும் கூடாது.

நாளை விடிந்தால் புறப்பாடு. இன்று காலையில் பார்த்தால், மேட்டில் இருந்த நூற்றுப் பன்னிரண்டு கற்களும் முதுகைக் காட்டி நின்றன.

எருது கட்டி இழுத்தாலும் அசையாத கற்கள் அவை. அடியில் ஒரு புல்கூட நசுங்கியிருக்கவில்லை. வீரர்கள் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார்கள். அந்தப் பக்கமும் முதுகுதான்.

காரணம் கண்டுபிடிக்க அவர்களுக்கு அரை நாழிகைகூட ஆகவில்லை. ஆறு மாதத்துக்கு முன், ஆள் பற்றாமல், அரசர் சிறையைத் திறந்து இருநூறு பேரைப் படையில் சேர்த்திருந்தார். கொலைகாரன், கொள்ளைக்காரன் எல்லாம் அதில் அடக்கம். அவர்களை மேட்டில் ஏறவிட்டதே இல்லை. இருந்தாலும், "அவனுங்களோட ஒரே வரிசையில நம்மை நிறுத்தினா, செத்தவன் எப்படி முகம் காட்டுவான்?" என்று கேட்டு வீரர்கள் ஈட்டிகளைக் கீழே போட்டுவிட்டார்கள்.

தளபதி சேந்தனும் அப்படித்தான் நினைத்தார். மேட்டின் மூன்றாவது கல் அவர் தம்பி கொற்றனுடையது. அந்த முகத்தைப் பார்க்காமல் அவர் எந்தப் போருக்கும் போனதில்லை. இன்று ஏழு முறை அந்தக் கல்லைச் சுற்றினார். ஏழு முறையும் தம்பியின் முதுகைத்தான் பார்த்தார். ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு அழுகை வந்தது.

மேட்டின் ஓரத்தில் ஒரு இலுப்பை மரம். அதன் அடியில் முரசடியார் இருந்தார். ஒரு காலத்தில் சேந்தனின் படையில் முரசு அறைந்தவர். அவரைவிடப் பத்து வயது இளையவர். ஒரு நாள் முரசை வைத்துவிட்டு அங்கேயே சாமியாராக உட்கார்ந்துவிட்டார். தன்னிடம் முரசறைந்தவன் காலில் விழுகிற தளபதி இந்த உலகத்திலேயே சேந்தன் ஒருவராகத்தான் இருப்பார்.

விழுந்து எழுந்தார்.

"சாமி, ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதும். இங்க இருநூறு துளி விழுந்திருக்கு. வீரன் மானம் என்ன ஆகும்?"

முரசடியார் கற்களின் பக்கம் பார்த்தார்.

"அந்த இருநூறு பேரையும் இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள காட்டுக்குக் கூட்டிட்டுப் போய் வெட்டிடறேன். கல்லு திரும்பிடுமா? அதை மட்டும் சொல்லுங்க."

"அவங்கள்ல ஒருத்தனை வரச் சொல்லுங்க."

"மேட்டுக்கா?"

"மேட்டுக்குத்தான்."

சேந்தன் கீழே நின்ற காவலனுக்குக் கைகாட்டினார். "வரட்டும். ஆனா கைதி இந்த மண்ணை மிதிக்கிறதை நான் கண்ணால பாக்க மாட்டேன்" என்று கோட்டைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

உச்சிப் பொழுது. கற்களுக்கு நிழலே இல்லை. இலுப்பையில் ஓயாமல் கத்திக்கொண்டிருந்த சில்வண்டு சட்டென்று நின்றது. வெறுங்காலின் ஓசை மெல்ல மேலேறி, பின்னால் எங்கோ வந்து நின்றது.

"பேரு என்ன?" என்று முரசடியார் கேட்டார்.

"காரி, சாமி."

"எதுக்கு உள்ள போன?"

"வாய்க்கால் தகராறு சாமி. பங்காளியை வெட்டிட்டேன். பேரு எட்டி. என் கூட விளையாடினவன்."

"அவன் ஒருத்தன்தானா?"

வெறுங்கால் மண்ணைத் தேய்க்கும் ஓசை கேட்டது.

"முந்தாநாள் நொச்சிப்பாடியில அஞ்சு பேரு. படைக்குத் தானியம் தர மாட்டேன்னாங்க. வெளியில தாழ்ப்பாள் போட்டுட்டுத் தீ வைன்னு உத்தரவு. வச்சேன். உள்ளேருந்து யாரோ பொன்னாத்தா, பொன்னாத்தான்னு கூப்பிட்டாங்க. மத்த நாலு பேரு பேரு தெரியல சாமி. கேக்கலாம்னா ஊருல ஆளே இல்ல."

"கிண்ணத்துல எண்ணெய் இருக்கு. ஏதாவது ஒரு கல்லுக்குத் தடவு."

சேந்தனின் கை கத்திப் பிடிக்குப் போனது. தம்பியின் மேட்டில் கொலைகாரன் கை! பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டையையே பார்த்தார். அப்போது முதுகுக்குப் பின்னால், யாரோ ஆட்டுக்கல்லை ஒரு சுற்றுச் சுற்றியது போலச் சத்தம் கேட்டது.

"என்ன தெரியுது?" என்றார் முரசடியார்.

"ஒரு முகம், சாமி." என்றான் காரி. "சின்ன வயசுக்காரர். இடது புருவத்துல வெட்டு. மேல் உதடு கொஞ்சம் பிளந்திருக்கு. என்னையே பாக்குறாரு."

சேந்தன் கத்திப் பிடியை விட்டார். அந்த உதடு கொற்றனுக்குப் பிறவியிலேயே உள்ளது.

"சாமி, இந்த முகத்துக்கு முன்னால என்னால நிக்க முடியல. என்னை விட்டுடுங்க."

சிறிது நேரத்தில் இலுப்பையில் சில்வண்டு மறுபடியும் கத்தத் தொடங்கியது; வேறெதுவும் காதில் விழவில்லை. சேந்தன் திரும்பிப் பார்க்க நினைத்தார். கழுத்து வரவில்லை.

"தளபதியாரே, நொச்சிப்பாடிக்கு உத்தரவு போட்டது யாரு?" என்று முரசடியார் கேட்டார்.

"நான்தான்." சேந்தன் குரலை உயர்த்தினார். "படை பட்டினி கிடக்க முடியாது. யாராவது செஞ்சுதான் ஆகணும். அவங்க கை ஏற்கெனவே கறை பட்ட கை. அதனாலதான் அவங்களை அனுப்பினேன். என் வீரர்கள் ஊருக்கு வெளியிலயே நின்னாங்க. ஒருத்தன் கத்தி உறையை விட்டு வரல. என் கத்தியும் வரல. எங்க மானத்துல ஒரு பொட்டு அழுக்கு இல்ல சாமி!"

மறுபடியும் அதே சத்தம். ஒரு கல், பிறகு அடுத்த கல், பிறகு மேடு முழுவதும். மெல்ல, கரகரவென்று. கடைசிக் கல்லும் சுற்றி முடிந்தபோது சேந்தனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"கேட்டீங்களா சாமி? அந்தக் கொலைகாரப் பயலைப் பாத்துத்தான் முகத்தைத் திருப்பிக்குது. முதல்ல அவனை இங்கேருந்து போகச் சொல்லுங்க."

"நீங்க பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலயே அவன் இறங்கிப் போயிட்டான், தளபதியாரே" என்றார் முரசடியார்.