எதைத் திருகினாலும் அதே வெளிச்சம்

வள்ளியூரில் எஸ்தர் ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தாள். சனிக்கிழமை மத்தியானம் பெண்களுக்குக் கேமரா சொல்லிக்கொடுப்பாள். அங்கே படிக்க வரும் இசக்கியம்மாள் அவளைவிட நாலு வயது மூத்தவள். ஆனாலும் "மிஸ்" என்றுதான் கூப்பிடுவாள்.

இசக்கியம்மாளின் வீட்டுக்காரருக்குக் கத்தாரில் வேலை. மகள் பிறந்த மூணாம் மாசம் போனவர். அப்பா எங்கே என்று கேட்டால், போன் சார்ஜ் போடும் இடத்தைப் பிள்ளை கைகாட்டும். வாராவாரம் படமெடுத்து அனுப்பச் சொல்லித்தான் அவர் அந்தக் கேமராவைக் கொடுத்துவிட்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை இசக்கியம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே வந்து நின்றாள்.

"மிஸ், இது கெட்டுப்போச்சு. நீங்க சொன்ன மாதிரி எல்லாம் கையாலதான் வைக்கேன். எதைத் திருகினாலும் படம் ஒரே வெளிச்சமா வருது."

"கேமரா கெட்டுச்சா, கை கெட்டுச்சா, பாப்போம்."

எஸ்தர் பிள்ளையை ஜன்னலோரம் உட்காரவைத்து ஒரு படம் எடுத்தாள். ஜன்னலின் ஒரு கதவைச் சாத்திவிட்டு ஒன்று. மறு கதவையும் சாத்திவிட்டு இன்னொன்று. மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன.

"கடைசிப் படத்தப் பாத்தா ஜன்னல் சாத்தியிருக்குன்னு தெரியுதாக்கா?"

"தெரியலையே."

எஸ்தர் பிள்ளையின் கன்னத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். ரவையைத் தூவினதுபோல் புள்ளி புள்ளியாய்க் கிடந்தது.

"ஐ.எஸ்.ஓ.வ, அதான் கேமரா வெளிச்சத்த இழுக்குற அளவ, ஆட்டோல விட்டிருக்கீக. வெளிச்சம் கொறஞ்சா இது தானா ஏத்திக்கிட்டுச் சமாளிச்சிரும். வெளிய தெரியாது, உள்ள இப்படிப் புள்ளி விழும்."

இசக்கியம்மாள் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"மிஸ், அவுக இன்னும் ரெண்டு வருசம் அங்கயே இருக்கதுக்கு எழுதிக் குடுக்கப் போறாகளாம். நாளைக்குக் கையெழுத்து. படத்துல ரெண்டு பேரும் பளிச்சுன்னு இருக்கீக, எனக்கு நிம்மதின்னாக. எப்படி மிஸ் அவுகளுக்குத் தெரியாமப் போச்சு?"

"நீங்க என்ன சொன்னீக?"

"நல்லாயிருக்கோம்னேன். எப்பவும் சொல்லுததுதான்."

எஸ்தர் ஆட்டோவை எடுத்துவிட்டாள். ஐ.எஸ்.ஓ.வை இறக்கி நூறில் நிறுத்திக் கேமராவை அவள் கையில் கொடுத்தாள்.

"இப்ப எடுங்க. எடுத்தத அவுகளுக்கு அனுப்புங்க."

சாத்திய ஜன்னல் சாத்தியபடியே இருந்தது. இசக்கியம்மாள் பொத்தானை அழுத்தினாள். திரையில் பிள்ளையின் கண் மட்டும் லேசாய் மின்னியது.

"கருப்பா வந்திருக்கே மிஸ். அவுக பதறிருவாக."

"இருட்டுன்னு தெரிஞ்சாத்தானக்கா ஜன்னலத் திறக்க எந்திரிப்பாக."