பேய்த்தேரில் ஏறியவர்

அந்தக் காலத்தில் களர்நாடு என்று ஒரு நாடு. அதை ஆண்ட ராஜா வீரகண்டனுக்குக் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. நாட்டின் கிழக்கே பெரிய பொட்டல். புல் முளைக்காது, காக்கை பறக்காது; கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்புப் பூத்த வெள்ளை மண். அதைத் தாண்டினால் அயல்நாடு.

ஒரு சித்திரை மாதம், உச்சிவேளை. கோட்டைக் கோபுரத்தில் சபையோரோடு நின்ற ராஜா துள்ளிக் குதித்தான்.

"மந்திரி! பொட்டல் நடுவே பாரும், எவ்வளவு பெரிய ஏரி! நாலாயிரம் வீரர்களையும் நாளை மறுநாளே அயல்நாட்டின்மேல் கிளப்பிக்கொண்டு போவோம். வழியில் தண்ணீர் இருக்கும்போது நமக்கென்ன பயம்?"

மந்திரி சாத்தப்பர் குறுக்கிட்டார். "அரசே, அது ஏரி இல்லை, பேய்த்தேர். அதை நம்பிப் போனால் ஒருவரும் திரும்ப மாட்டார்கள்."

பக்கத்தில் அவைப்புலவர் பொன்வண்ணர் நின்றிருந்தார். மந்திரி பதவியின்மேல் அவருக்குப் பத்து வருடமாக ஒரு கண். "கேட்டீர்களா மகாராஜா? பேயாம், அதற்குத் தேராம்! போருக்குப் பயந்தவர் பேசுகிற பேச்சு இது" என்று சிரித்தார்.

"புலவரே, போன ஐப்பசியில் பேய்மழை என்று பாடினீரே, மழைக்குள் பேயைக் கண்டீரா? பேய்ப்பசி என்று விருந்தில் மூன்று முறை சோறு கேட்டீரே, உம் வயிற்றில் பேயா குடியிருந்தது? பேய்ப்பீர்க்கு கசக்குமே தவிர யாரையும் பிடித்து ஆட்டாது. அளவு மீறினாலும் பேய் என்கிறோம், வாயில் வைக்க உதவாவிட்டாலும் பேய் என்கிறோம். கண்ணை ஏமாற்றும் கானலையும் அப்படித்தான் பேய்த்தேர் என்கிறோம்" என்றார் சாத்தப்பர்.

சபையோர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். புலவரின் முகம் கறுத்தது.

"சாமர்த்தியப் பேச்சு வேண்டாம். தேர் என்றால் அதில் ஏறி வருகிறவன் ஒருவன் வேண்டுமே. அவனைக் காட்டச் சொல்லுங்கள் மகாராஜா!"

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "சரியான கேள்வி! மந்திரி, நாளை உச்சிவேளையில் அந்தப் பேயை என் கண்ணில் காட்டும். காட்டாவிட்டால் உம் தலை இருக்காது. படையும் புறப்படும்."

மறுநாள் மூவரும் குதிரைகளைக் கோட்டை வாசலில் விட்டுவிட்டுப் பொட்டலுக்குள் நடந்தார்கள். நடக்க நடக்க அந்த ஏரி பின்வாங்கிக்கொண்டே போயிற்று. காற்று இல்லை. காலடியில் உப்பு நொறுங்கும் ஓசை மட்டும் கேட்டது.

ஓர் எல்லைக்கல் அருகே சாத்தப்பர் நின்றார். "புலவரே, பேய் தேரில் ஏறுகிற இடம் இதுதான். கல்லை விட்டு நகராதீர். நானும் அரசரும் முன்னே போய்ப் பார்க்கிறோம்."

தனியே நிற்கப் புலவருக்கு மனமில்லை. ராஜாவின் முன்னால் அதைச் சொல்ல வாயும் வரவில்லை. தலையை ஆட்டினார்.

இரண்டு கூப்பிடு தூரம் போனதும் சாத்தப்பர், "இப்போது திரும்பிப் பாருங்கள் அரசே" என்றார்.

திரும்பிய ராஜா மந்திரியின் கையைப் பிடித்துக்கொண்டான். அவர்கள் நடந்து வந்த வெறும் மண்ணில் இப்போது தண்ணீர் தளும்பியது. தண்ணீருக்கு மேலே பனைமர உயரத்தில் ஓர் உருவம். கால் இல்லை. கழுத்து நீண்டு நெளிந்தது. தலை உடம்பை விட்டுப் பிரிந்தது, மறுபடி ஒட்டிக்கொண்டது.

"யா... யார் அது?"

"தேரில் ஏறியவர், அரசே. வாருங்கள், கிட்டே போய்ப் பார்ப்போம்."

நெருங்க நெருங்கத் தண்ணீர் வற்றியது. உருவம் குறுகியது, கால் முளைத்தது, கடைசியில் பொன்வண்ணப் புலவராயிற்று. அவரோ இவர்களைக் கண்டு அலறினார்: "வராதே! கிட்டே வராதே!" கல்லைக் கட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

சாத்தப்பர் சொன்னார்: "நமக்கு அவர் பேய், அவருக்கு நாம் பேய். இன்று வெறும் தோற்றம்தான். நாலாயிரம் பேர் இந்த ஏரியைத் தேடி வந்தால் தாகத்தில் விழுந்து நிஜமாகவே அப்படி ஆகிவிடுவார்கள். அவர்களை நடத்தி வந்தவர் என்று உங்கள் பெயர்தான் நிற்கும்."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டான். "படை போகாது. புலவரே, இனி ஒரு வருடம் மந்திரியிடம் அர்த்தம் கேட்காமல் ஒரு சொல்லைக்கூடப் பாட்டில் வைக்கக் கூடாது. தெரிந்ததா?"

புலவர் தலையாட்டினார். மூவரும் கோட்டைக்குத் திரும்பினார்கள். ராஜா அந்தப்புரம் போனபிறகு, மண்டபத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தவருக்குச் சாத்தப்பர் தம் கையாலேயே மோர் கொடுத்தார்.

"கோபம் வேண்டாம் புலவரே. எங்கள் இருவரையும் கண்டா இவ்வளவு பயந்தீர்?"

புலவர் அவரை ஏறிட்டுப் பார்த்தார். "இருவரா? மூன்று பேர் வந்தீர்கள் ஐயா."

"வெயிலில் உருவம் இரட்டிக்கும். அப்படித் தெரிந்திருக்கும்."

"நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் என் அலறல் கேட்டு நீங்கள் நின்றபோது மூன்றாவது ஆள் நிற்கவில்லை. உங்களைக் கடந்து என் பக்கத்தில் வந்துதான் நின்றது. அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டேன்."

சாத்தப்பர் திரும்பிப் பார்த்தார். வாசலுக்கு வெளியே வெயில் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

புலவர் வீட்டுக்குக் கிளம்ப எழுந்திருக்கப் பார்த்தார். மந்திரி அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"இருமய்யா. வெயில் தாழட்டும். சேர்ந்தே போவோம்."