வேங்கையும் கருடனும்

பூசணிப்பட்டியில் மூளைக்குப் பஞ்சமே கிடையாது. எடுத்துச் செலவழிக்கத்தான் யாருக்கும் மனசு வராது. அந்த ஊர் விளையாட்டு மன்றத்தின் செயலாளர் பூவராகன்.

மன்றத்துக்கு ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்குவதென்று முடிவாயிற்று. பூவராகனின் மச்சான் குமரகுரு டவுனில் புதிதாகக் கடை போட்டிருந்தான். வேங்கை, கருடன் என்று இரண்டு பெட்டிகளைக் கொடுத்து, "பிடிச்சதை வச்சுக்குங்க மாமா. மத்ததைக் கீறல் படாமக் கொண்டாந்திருங்க" என்றான். கல்யாணமானதிலிருந்து மாமனார் வீட்டில் அவரை நம்பி ஒரு குடையைக்கூடக் கொடுத்ததில்லை. பூவராகன் பெட்டிகளைக் கைக்குழந்தைகள் மாதிரி தூக்கிவந்தார்.

எது உசத்தி என்று தெரிந்துகொள்ள இரண்டு பத்திரிகைகள் வாங்கினார்கள். ஒன்று வேங்கையின் பக்கம், மற்றது கருடனின் பக்கம். தலைவர் ஆரோக்கியநாதன் முதலாவதைப் பிரித்து உரக்கப் படித்தார். "வேங்கையின் முன்னால் கருடன் நிற்கவே முடியாது."

பூவராகன் வேங்கையை வைத்து, அதற்கு முன்னால் கருடனை நிறுத்தினார். பொருளாளர் மாசிலாமணியோடு மூவரும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

"நிக்குதே தலைவரே" என்றான் மாசிலாமணி.

"அச்சுல வந்தது பொய்யாகுமா? கால் வலிக்கட்டும், பொறு."

சாயங்காலம்வரை பொறுத்தார்கள். கருடன் அசையவில்லை. மாசிலாமணி கருடன் கட்சிக்காரன். அவன் மற்ற பத்திரிகையைப் பிரித்தான். "விற்பனையில் வேங்கைக்குத் தண்ணி காட்டியது கருடன்னு போட்டிருக்கு."

"எப்பக் காட்டிச்சு? நாம பார்க்கலையே" என்றார் தலைவர்.

"அதுக்குக் கை இல்லை. நாமதான் உதவணும்" என்றார் பூவராகன். ஒரு வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வேங்கைக்குக் காட்டினார். அது பார்த்த மாதிரி தெரியவில்லை. முன்பக்கம் இருந்த சின்ன ஓட்டைதான் கண்ணாக இருக்கும் என்று, மெதுவாகத் தூக்கி வாளிக்கு மேலே குனியவைத்தார். ஈரக் கை வழுக்கியது. வேங்கை வாளிக்குள் போய்விட்டது.

"நல்லாப் பாத்துருச்சு" என்றான் மாசிலாமணி, திருப்தியாக. அடுத்த வரியையும் படித்தான். "இன்று நாடெங்கும் கொடி கட்டிப் பறக்கிறது கருடன்."

பூவராகன் வாளியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். ஆனால் தண்ணீர் விஷயத்தில் வாக்குத் தவறாத பத்திரிகை. மன்றத்துக் கொடியைக் கருடனில் இறுக்கிக் கட்டி மொட்டைமாடிக்குக் கொண்டுபோனார்கள். தலைவர் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அதைக் கைவிட்டார். கொஞ்ச தூரம் பறந்தது. பிறகு வாய்க்கால் ஓரமாகத் தலைகுப்புற விழுந்தது.

தலைவர் கீழே இறங்கிப் பார்த்துவிட்டு முதல் பத்திரிகையைப் புரட்டினார். "கருடன் விரைவில் மண்ணைக் கவ்வும்னு இதுல போட்டிருக்கான். வாய் நிறைய மண்ணு. ரெண்டு பத்திரிகையும் ஒரு எழுத்துப் பொய் சொல்லலைய்யா."

மறுநாள் குமரகுரு வந்தான். ஒரு பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மற்றதில் கொடி தொங்கியது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கத்தியிருந்தால்கூடப் பூவராகனுக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

"மாமா, பத்திரிகையை விடுங்க. ஒரு தடவையாவது ஆடிப் பாத்தீங்களா?"

பூவராகன் தலைகுனிந்தார். "அது தோணலை மாப்பிள்ளை."

தோன்றிய பிறகு தாமதிக்கலாமா? மூவரும் வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு பெட்டிகளையும் நடுவில் வைத்து ஆட ஆரம்பித்தார்கள். தலைவருக்குக் கும்மி, மாசிலாமணிக்கு ஒயில், பூவராகனுக்கு எதுவும் தெரியாததால் எல்லாம். மூச்சு முட்டும்வரை ஆடினார்கள்.

அந்த வாரம் இரண்டு பத்திரிகைகளும் வாசகர் கருத்துக் கேட்டன. பூவராகன் இரண்டுக்கும் போன் செய்து, நடந்ததை நடந்தபடி சொன்னார். "நாங்க ஆடி ஓஞ்சுட்டோம். பெட்டிங்க ரெண்டும் கொஞ்சம்கூடக் களைக்கலை. எனக்குத் தொந்தி பாதி கரைஞ்சிருச்சு."

ஒன்று அதை வேங்கையின் வெற்றி என்று போட்டது. மற்றது கருடனின் வெற்றி என்று போட்டது.

அதற்கடுத்த திங்கட்கிழமை குமரகுருவின் கடை வாசலில் கூட்டம் தெருமுனைவரை நின்றது. பூவராகன் பெருமையோடு வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். முதலில் நின்ற பெரியவர் வேங்கையை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு கேட்டார்:

"தம்பி, சலங்கை இதோட வருமா, தனியா வாங்கணுமா?"