பசிக்கு மூட்டிய அடுப்பு

முன்னொரு காலத்தில், ராஜா சிரித்தால்தான் சிலர் வீட்டில் சோறு வெந்த காலத்தில், நல்லபெருமாள் என்றொரு விகடகவி இருந்தான். ராஜா சிரித்த மாதம் அவனுக்குச் சம்பளம் உண்டு, சிரிக்காத மாதம் இல்லை. தலை நரைக்கத் தொடங்கியதும் அவனுக்குப் பயம் வந்துவிட்டது. ஏற்கெனவே இருந்த மூன்று வாடகை வீடுகளோடு, தேரடியில் விலைக்கு வந்த நாலாவதையும் வாங்கிப் போட்டால் வயதான காலத்தில் யார் முகத்தையும் பார்த்துப் பிழைக்க வேண்டாம் என்று நினைத்தான். வட்டிக்காரர்களோ, நிலையான சம்பளம் இல்லாதவனுக்குக் கடன் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

ராஜா காதில் இது விழுந்தது. அவருக்குத் திடீரென்று ஒரு யோசனை பிறந்தது.

"அந்தக் கடனைக் கஜானாவே கொடுக்கட்டும். கடன் பத்திரத்தை வேறு எவருக்கும் கைமாற்றாமல் நாமே வைத்துக்கொள்வோம். இவன் சம்பளத்தைப் பார்க்க வேண்டாம், வீடுகளின் வாடகையைப் பாருங்கள். நான்கு வீடும் ஒரே பத்திரத்தில் ஈடாக இருக்கட்டும்."

கஜானா அதிகாரி வீரபாகுவுக்கு நல்லபெருமாளைக் கண்டாலே வயிறு எரியும். அவர் பணிவாக எழுந்தார்.

"உத்தரவு, பிரபு. ஆனால் ஆளில்லாத வீட்டுக்கு வாடகை ஏது? நான்கு வீட்டிலும் தினமும் அடுப்பெரிய வேண்டும். ஒரு வீட்டில் ஒரு நாள் தவறினாலும் நான்கும் கஜானாவுக்குச் சேரும். இவனோ, இவன் வீட்டாரோ, இவன் கூலிக்குப் பிடித்தவரோ மூட்டினால் செல்லாது. வேறொருவர் தம் பசிக்குத் தாமே மூட்ட வேண்டும்."

நல்லபெருமாள் கையெழுத்துப் போட்டான். வேறு வழி இல்லை.

ஐப்பசி மழையில், தேரடி வீட்டில் குடியிருந்த எண்ணெய் வியாபாரி ஒரு மாலை மூட்டை முடிச்சோடு கிளம்பிவிட்டான். வீரபாகு அவனுக்கு அரண்மனை வியாபாரம் தருவதாக ஆசை காட்டியிருந்தார். எதிர்வீட்டில் அவல் இடித்துப் பிழைத்த சொர்ணத்தம்மை ஓடி வந்தாள். அவள் இருந்ததும் நல்லபெருமாளின் வீடுதான்.

"அண்ணே, எங்களையும் வெளியேத்திருவாங்களா? புள்ளைங்களோட இந்த மழையில எங்க போவேன்?"

நாலு பேரை நம்ப வைத்துத் தெருவில் நிறுத்திவிட்டோமே என்று ஊரையே சிரிக்க வைத்தவன் தன்னையே நொந்துகொண்டான். பிறகு காலி வீட்டுக்குள் போய், அடுப்படியில் காய்ந்த விறகும் சிக்கிமுக்கிக் கல்லும் பானைத் தண்ணீரும் ஒரு படி அரிசியும் வைத்துவிட்டு, கதவைத் திறந்துபோட்டு வந்தான்.

விடிவதற்கு முன்பே வீரபாகு அங்கே வந்தார். விறகையும் அரிசியையும் பார்த்தார். யாரையோ உள்ளே அனுப்பப் பார்க்கிறான் என்று முடிவு கட்டி, உள்ளே தாழ் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். காவலாளிகளை அவர் நம்பவில்லை, நல்லபெருமாள் அவர்களைப் பேசியே கவிழ்த்துவிடுவான். மழை கொட்டியது. தெருவில் முழங்கால் தண்ணீர் ஓடியதால் அரண்மனைச் சாப்பாடும் வந்து சேரவில்லை.

வீரபாகு உள்ளே போய்த் தாழ் போட்டதைப் பார்த்திருந்த நல்லபெருமாள், எதிர்வீட்டு வாசலில் நின்று அந்தக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். உச்சி சாய்ந்து வெகுநேரம் கழித்து, ஓட்டிடுக்கில் புகை கிளம்பியது. அவன் கண் கலங்கிவிட்டது. மழை சற்று ஓய்ந்ததும் தண்ணீரில் நடந்தே அரண்மனைக்குப் போய், ராஜாவைப் பல்லக்கில் அழைத்து வந்தான்.

ராஜாவின் குரல் கேட்டுக் கதவு திறந்தது. வீரபாகு கையில் கஞ்சிக் கலயம்.

"அடுப்பை மூட்டியது யார்?" என்றார் ராஜா.

"அடியேன்தான், பிரபு. காலையிலிருந்து பட்டினி. பசி தாங்கவில்லை."

"வேறொருவர், தம் பசிக்கு, தாமே," என்றான் நல்லபெருமாள். "பத்திரத்தில் உள்ளபடி நடந்துவிட்டது, மகாராஜா. இவர் ஒரு நாள் வாடகை மட்டும் தர வேண்டும்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த நிபந்தனையைப் பத்திரத்திலிருந்து அங்கேயே அடித்துவிடச் சொன்னார். வாடகையையும் வாங்கிக் கொடுத்தார்.

"இனி நாம் சிரித்தாலும் சிரிக்காவிட்டாலும் இவனுக்கு மாதச் சம்பளம் உண்டு," என்றார்.

நல்லபெருமாள் கும்பிட்டான். ராஜா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அவன் முதல் முறையாக அந்த முகத்தைப் பார்த்து நிற்காமல், இனி யாரும் வீட்டை விட்டுப் போக வேண்டாம் என்று சொர்ணத்தம்மையிடம் சொல்லத் தெருவில் இறங்கினான்.